1970களின் ஜூக்பாக்ஸ்: பழைய 74 வரிசை சிப்புகளுக்குப் பதிலாக எதைப் போடுவது?

பெடோக்_இசைத்தட்டு | சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ஜொகூரில் மாமா வீட்டில் பல வருடமாக மூடிக் கிடந்த ஜூக்பாக்ஸைப் போன மாதம் சிங்கப்பூருக்குக் கொண்டு வந்துவிட்டேன். 1970களின் நடுவில் செய்த அமெரிக்கப் பெட்டி. 80 இசைத்தட்டு, இரண்டு பக்கமும் சேர்த்தால் 160 பாட்டு. மாமா சேர்த்து வைத்த தமிழ்ப்பட 45 சுழற்சித் தட்டுகள் அறுபதுக்கு மேல் உள்ளேயே இருக்கின்றன. அவை இந்தப் பெட்டியில்தான் பாட வேண்டும் என்பது என் ஆசை.

ஒலிப்பகுதி நன்றாக இருக்கிறது. தட்டைக் கையால் எடுத்து வைத்தால் பாடுகிறது. கோளாறு தேர்வுப் பகுதியில். பொத்தானை அழுத்தினால் தட்டுச் சக்கரம் சுற்றத் தொடங்குகிறது, அப்புறம் நிற்பதே இல்லை.

சர்க்யூட் படம் கையில் இருக்கிறது. தேர்வுப் பகுதி முழுக்க 74 என்று தொடங்கும் எண் கொண்ட லாஜிக் சிப்புகள். ஒவ்வொரு தட்டு கடக்கும்போதும் ஓர் ஒளி உணரி ஒரு துடிப்பு தருகிறது. அது 7413 வழியாகச் சுத்தமாகி, துடிப்பை ஒரே நீளமாக்கும் 74123க்குப் போகிறது. அதன் பிறகு எண்ணுவதற்கு இரண்டு 7493. நாம் கேட்ட எண்ணோடு ஒப்பிட இரண்டு 7485. எண் பொருந்தினால் 7473 (நிலையை நினைவில் வைக்கும் சிப்) நிலை மாறி, 7406 வழியாக டிரான்சிஸ்டரைத் தட்டி, 24 வோல்ட் சொலினாய்டை (மின்காந்த இழுப்பி) இழுக்க வைக்கிறது. 74123 மட்டும் சாக்கெட்டில் இருந்ததால், கைவசம் இருந்த 74எல்எஸ்123ஐ (அதே சிப்பின் மின்சாரம் குறைவாக எடுக்கும் எல்எஸ் வகை) போட்டுப் பார்த்தேன். மாற்றம் எதுவும் இல்லை.

சிம் லிம் டவரில் விசாரித்தேன். சில எண்கள் எல்எஸ் வகையில் கிடைக்கின்றன, சில ஹெச்சி என்ற சிமாஸ் வகையில். பழைய சாதாரண 74 மிகக் குறைவு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிய ஹெச்சி சிப்புகளையே போட்டுவிடலாமா? மின்சாரமும் குறைவாகத்தானே எடுக்கும்? 7493க்குப் பதிலாக 74எல்எஸ்293 போடலாம் என்று கடைக்காரர் சொன்னார், அது சரியா?

பழைய_ஒலிபெருக்கி | சனி, இரவு 10.05

தம்பி, இன்றைக்கு ஒன்றையும் கழற்ற வேண்டாம். சால்டரிங் அயர்னை அணைத்து வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள்.

இந்தச் சிப்புகள் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டவை. அந்த அளவை ரெகுலேட்டரில் பார்த்தால் போதாது, சிப்பின் காலிலேயே பார்க்க வேண்டும். இன்னொன்று, மின்சாரக் கால்கள் எல்லாச் சிப்பிலும் ஒரே இடத்தில் இருக்காது. 7413, 7406 இரண்டுக்கும் 14ஆம் கால் 5 வோல்ட், 7ஆம் கால் பூமி (கிரவுண்ட்). ஆனால் 7493க்கு 5ஆம் கால் 5 வோல்ட், 10ஆம் கால் பூமி. 7473க்கு 4ம் 11ம். இது தெரியாமல் 7493இன் 14ஆம் காலில் மீட்டரை வைத்து, கரண்ட் வரவில்லை என்று போர்டையே சந்தேகப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் 293 கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. 74எல்எஸ்293 உள்ளே செய்யும் வேலை எல்எஸ்93 செய்யும் அதே வேலைதான். ஆனால் அதன் மின்சாரக் கால்கள் மூலையில் இருக்கின்றன, 14ம் 7ம். அப்படியே செருகினால் வேலை செய்யாது, சிப்பும் கெடலாம். கடைக்காரர் வேலையை வைத்துச் சொல்லியிருக்கிறார், போர்டுக்குக் கால்தான் கணக்கு.

ஹெச்சி மட்டும் வேண்டாம். பழைய டிடிஎல் சிப் (சாதாரண 74, எல்எஸ் இரண்டும் இந்தக் குடும்பம்தான்) ஒன்று தன் வெளியீட்டை உயர்த்தும்போது குறைந்தது 2.4 வோல்ட் தரும் என்றுதான் உத்தரவாதம். சாதாரணமாக 3.4 பக்கம் வரும். ஹெச்சி சிப் 5 வோல்ட்டில் ஓடும்போது 3.5 வோல்ட் இருந்தால்தான் அதை உயர்நிலை, அதாவது 1, என்று ஒத்துக்கொள்ளும். மேசையில் வைத்துப் பார்க்கும்போது வேலை செய்யும். பெட்டியை மூடி அரை மணி நேரம் பாடவிட்டால் ஏதாவது ஒரு பாட்டில் தவறும். பழுது பார்ப்பவனுக்கு அதைவிடக் கஷ்டமான கோளாறு கிடையாது.

ஜூரோங்_சர்க்யூட் | ஞாயிறு, காலை 8.31

ஹெச்சி கூடாது என்பது சரி. ஆனால் ஹெச்சிடி இருக்கிறதே அண்ணே? அதன் உள்ளீட்டு அளவுகள் டிடிஎல் போலவே இருக்கின்றன. 0.8க்குக் கீழே தாழ்நிலை, 2.0க்கு மேலே உயர்நிலை. நான் ஒரு பழைய பின்பால் மெஷினில் பழுதான இடமெல்லாம் ஹெச்சிடி போட்டு ஐந்து வருடம் ஆகிறது. ஒரு நாள்கூடத் தகராறு வந்ததில்லை. இன்றைக்கும் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வருகின்ற சிப், சூடாகாது, பழைய பவர் சப்ளைக்கும் சுமை குறையும்.

உட்லண்ட்ஸ்_லாஜிக் | ஞாயிறு, காலை 11.20

ஜூரோங் சொல்வதில் உள்ளீட்டுக் கணக்கு சரி. வெளியீட்டுக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். இவருடைய போர்டில் அதுதான் இடிக்கிறது.

டிடிஎல்லில் ஓர் உள்ளீட்டைத் தாழ்நிலைக்கு இழுக்க வேண்டுமானால், அதை இயக்கும் சிப் அங்கிருந்து வரும் மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். சாதாரண 74 உள்ளீடு ஒன்றுக்கு அதிகபட்சம் 1.6 மில்லிஆம்பியர். எல்எஸ் உள்ளீட்டுக்கு 0.4. வாங்கிக்கொள்ளும் திறன் சாதாரண 74க்கு 16 மில்லிஆம்பியர், எல்எஸ்ஸுக்கு 8, ஹெச்சிடிக்கு 4.

இப்போது இவருடைய 7493ஐப் பாருங்கள். அதன் வெளியீடுகள் நேராக 7485க்குப் போகின்றன. 7485இன் எண் உள்ளீடுகள் சாதாரண உள்ளீடு அல்ல, உள்ளுக்குள் மூன்று இடத்துக்குப் பிரிகின்றன. டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) ஒவ்வொன்றுக்கும் 4.8 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்கும். 74எல்எஸ்93 இதைத் தாராளமாகத் தாங்கும். 74ஹெச்சிடி93 போட்டால் முதல் உள்ளீட்டிலேயே உத்தரவாதத்தைத் தாண்டிவிடுகிறோம். அப்படியும் ஓடக்கூடும், ஏனென்றால் உண்மையான சிப் டேட்டாஷீட்டின் மோசமான எண்ணைவிட நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தாழ்நிலை 0.2 வோல்ட்டில் இருக்க வேண்டியது 0.4, 0.5 என்று ஏறும். 24 வோல்ட் சொலினாய்டு பக்கத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும் பெட்டியில் அந்த இடைவெளி எனக்கு வேண்டும்.

இன்னொன்று. பழைய போர்டுகளில் பயன்படாத உள்ளீடுகளை எங்கேயும் இணைக்காமல் விட்டிருப்பார்கள். டிடிஎல் அதை உயர்நிலை என்று எடுத்துக்கொள்ளும், சிக்கல் வராது. அதே இடத்தில் ஹெச்சிடி வந்தால் அந்தக் கால் அந்தரத்தில் தொங்கும், கையைக் கிட்டக் கொண்டு போனாலே நிலை மாறலாம். ஹெச்சிடி போடுவதாக இருந்தால் ஒவ்வொரு காலும் எங்கேயாவது போய்ச் சேருகிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

ஜூரோங்_சர்க்யூட் | ஞாயிறு, பகல் 12.48

7485க்கு 4.8 என்பது எனக்குப் புதுச் செய்தி அக்கா. இப்போதுதான் டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. என் மெஷினில் 7485 இல்லை, அதனால் தப்பித்திருக்கிறேன். ஆனாலும் ஹெச்சிடியை அடியோடு ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஓர் எல்எஸ் உள்ளீட்டை இயக்கும் இடத்தில் அது நல்ல சிப்தான்.

பெடோக்_இசைத்தட்டு | ஞாயிறு, மாலை 6.40

அண்ணே, அக்கா, நன்றி. அளந்து பார்த்தேன். ரெகுலேட்டரில் 4.93 வோல்ட். 7493இன் 5ஆம் காலில் 4.61. மீட்டரை ஏசியில் வைத்தால் அங்கே 0.3 காட்டுகிறது.

சிப்புகளின் கால்கள் பாதிக்கு மேல் கருத்துப் போயிருக்கின்றன. துருவா? எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

ஒரு குழப்பமும் உண்டு. ஒரு சிப்பில் 7413 என்றும் 7438 என்றும் இரண்டு எண் அச்சிட்டிருக்கிறது. எது சிப்பின் எண்?

பழைய_ஒலிபெருக்கி | ஞாயிறு, இரவு 8.15

4.61 என்றால் உங்கள் போர்டு பட்டினி கிடக்கிறது தம்பி. இந்த நிலையில் எந்தச் சிப்பையும் கெட்டது என்று சொல்ல முடியாது. ரெகுலேட்டருக்கும் போர்டுக்கும் நடுவில் 0.3 வோல்ட் தொலைகிறது, அது பிளக்கில்தான் போகும். கழற்றிப் பின்களைச் சுத்தம் செய்யுங்கள், தளர்ந்திருந்தால் புதிய பின் அடியுங்கள். ஏசியில் 0.3 வருவது ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் காய்ந்துபோன அறிகுறி. ஐம்பது வருடம் உழைத்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

கருத்த கால் துரு அல்ல. அந்தக் காலத்தில் பல சிப்புகளின் காலுக்கு வெள்ளி முலாம் பூசினார்கள். காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கும், வீட்டில் குத்துவிளக்குப் பக்கம் வைத்த வெள்ளிக் கிண்ணம் கறுப்பது போல. நேராகச் சால்டர் செய்த சிப் என்றால் கறுப்பு ஒன்றும் செய்யாது. சாக்கெட்டில் இருக்கும் சிப் என்றால் தொடர்பு விட்டு விட்டு வரும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தைச் சுற்றி இருப்பதால் சாக்கெட்டுகளை நான் நம்புவதில்லை. பழைய சாக்கெட்டை எடுத்துவிட்டு, உருண்டையாகக் கடைந்த பின் வைத்த நல்ல சாக்கெட் போடுங்கள்.

இரண்டு எண் இருந்தால் ஒன்று தேதி. 7438 என்றால் 1974ஆம் வருடம், 38ஆம் வாரம். படத்தில் அந்த இடத்தில் 7413 என்றுதானே இருக்கிறது? அப்படியானால் 7438தான் தேதி. 7438 என்ற பெயரில் வேறொரு சிப்பும் உண்மையில் உண்டு, அதனால் கடையில் எண்ணைச் சொல்லும்போது கவனம்.

ஈசூன்_ரேடியோ | திங்கள், காலை 7.55

வாங்குவதைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்தவரை பழைய போர்டுகளை அங்கேயே வாங்கிச் சிப்பை உருவிக்கொள்வேன். 2017 ஜூலையில் அது மூடியதிலிருந்து எனக்கு சிம் லிம் டவரும், வெளிநாட்டு விநியோகஸ்தர்களும்தான். எல்எஸ் வரிசையில் பல சிப்புகளை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இன்னும் தயாரிக்கிறது. அவற்றை அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்கினால் போலி பயம் இல்லை. 9 சதவீத ஜிஎஸ்டி சேரும். 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த இணையப் பொருளுக்கும் அது உண்டு, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பு நின்றுபோன எண்களுக்குத்தான் ஏலத் தளங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. வந்த சிப்பின் மேல் அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பார்க்கிறேன். மேல்பூச்சு கரைந்து பஞ்சு கறுத்தால் பழைய எழுத்தை மறைத்து வேறு பெயர் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய சிப் என்று விற்றதில் புத்தம் புதிய தேதி இருந்தாலும் சந்தேகப்படுவேன். ஒரு முறை 7406 என்று வாங்கியது உள்ளே 7404ஆக இருந்தது.

உட்லண்ட்ஸ்_லாஜிக் | திங்கள், காலை 9.02

அந்த 7406 கதை இந்தப் பெட்டிக்கு நேராகப் பொருந்துகிறது. 7404க்கும் 7406க்கும் கால் வரிசை ஒன்று, வேலையும் தலைகீழாக்குவதுதான். ஆனால் 7406இன் வெளியீடு திறந்த கலெக்டர் (தாழ்நிலைக்கு மட்டும் இழுக்கும், உயர்நிலையைத் தானே தராது), 30 வோல்ட் வரை தாங்கும், 40 மில்லிஆம்பியர் வாங்கும். பெடோக்கின் பெட்டியில் அதன் வெளியீடு 24 வோல்ட் பக்கம் இழுக்கப்பட்டிருந்தால், அங்கே 7404 போட்ட அடுத்த நொடி சிப் போய்விடும். 7416 போடலாமா என்று கேட்பீர்கள், அது 15 வோல்ட்டுக்குத்தான். 74எல்எஸ்06 போடலாம், 30 வோல்ட், 40 மில்லிஆம்பியர் இரண்டும் அப்படியே உண்டு. ஹெச்சி வகையில் திறந்த வெளியீடு உள்ள சிப்புகள் 24 வோல்ட் தாங்காது.

7473ஐ முடிந்தவரை மாற்றாதீர்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண 7473 கடிகாரத் துடிப்பு உயர்ந்திருக்கும் நேரம் முழுவதும் ஜே, கே உள்ளீடுகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஜேயில் ஒரு சின்னத் துடிப்பு வந்து போனாலும் பிடித்து வைத்துக்கொண்டு, கடிகாரம் இறங்கும்போது வெளியே விடும். 74எல்எஸ்73ஏ அப்படிச் செய்யாது, இறங்கும் கணத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். எண் ஒன்றுதான், கால் வரிசையும் ஒன்றுதான், குணம் வேறு. வடிவமைத்தவர் அந்தப் பிடித்து வைக்கும் குணத்தை நம்பியிருந்தால் எல்எஸ் போட்டதும் பெட்டி நிற்காமல் போகும். மாற்றியே தீர வேண்டும் என்றால் பழைய 7473ஐத் தேடுங்கள்.

பெடோக்_இசைத்தட்டு | வியாழன், இரவு 10.30

பிளக் பின்கள் புதிது. பெரிய கெப்பாசிட்டர் புதிது. இப்போது எல்லாச் சிப்பிலும் 5.03 வோல்ட், ஏசியில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

சக்கரம் இப்போது நிற்கிறது! ஆனால் கேட்ட இடத்தில் இல்லை. 8 கேட்டால் 12, 40 கேட்டால் 44 என்று ஏதோ ஒன்று. சக்கரத்தைக் கையால் ஒவ்வொரு தட்டாக நகர்த்தி 7493களை அளந்தேன். முதல் சிப்பின் மூன்றாவது வெளியீடு மட்டும் எப்போதும் 1.3 வோல்ட். மற்றவை 0.2 அல்லது 3.4 என்று தெளிவாக மாறுகின்றன.

பழைய_ஒலிபெருக்கி | வெள்ளி, காலை 6.50

1.3 என்பது தாழ்நிலையும் இல்லை உயர்நிலையும் இல்லை. நான்கின் இடத்து எண் போயிருக்கிறது, நீங்கள் சொல்லும் நான்கு வித்தியாசத்துக்கும் அதுவே காரணம். ஆனால் 7493 கெட்டதா, அது இயக்கும் 7485 உள்ளீடு கெட்டு அதை இழுத்துப் பிடிக்கிறதா என்று இன்னும் தெரியாது. 7493இன் அந்த ஒரு காலை மட்டும் சால்டரை உறிஞ்சி எடுத்து மேலே தூக்கி அளந்து பாருங்கள். தனியாக நிற்கும்போதும் 1.3 என்றால் 7493தான்.

கழற்றும்போது முழுச் சிப்பையும் இழுக்காதீர்கள். சிறிய கட்டரால் கால்களை உடம்போடு ஒட்டி வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாக எடுங்கள். கெட்ட சிப் போனால் போகிறது, போர்டின் செப்புக் கோடு பெயர்ந்தால் அதை எங்கே போய் வாங்குவது?

பெடோக்_இசைத்தட்டு | ஞாயிறு, பகல் 3.15

தூக்கிய காலிலும் 1.3தான். நல்ல சாக்கெட் வைத்து 74எல்எஸ்93 போட்டேன். நான்கு வித்தியாசம் போய்விட்டது. பத்துப் பாட்டில் ஏழு சரியாக வருகிறது. மற்ற மூன்றில் கேட்டதைத் தாண்டி ஒரு தட்டோ இரண்டு தட்டோ தள்ளி நிற்கிறது. எந்தப் பாட்டு தவறும் என்று சொல்ல முடியவில்லை. உணரியைத் துடைத்துவிட்டேன். 7413இன் வெளியீடு ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) சுத்தமாக இருக்கிறது.

உட்லண்ட்ஸ்_லாஜிக் | ஞாயிறு, மாலை 4.40

தாண்டி நிற்கிறது என்றால் எண்ணிக்கையில் துடிப்பு தொலைகிறது. 7413 வரை சரி, 7493 புதிது. நடுவில் இருப்பது 74123. முதல் நாளே அங்கே எல்எஸ்123 போட்டதாக எழுதியிருந்தீர்கள், அது இன்னும் அங்கேயே இருக்கிறதா? அதன் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் எவ்வளவு?

பெடோக்_இசைத்தட்டு | ஞாயிறு, மாலை 5.02

இருக்கிறது அக்கா. 47 கிலோஓம், 10 மைக்ரோஃபாரட்.

உட்லண்ட்ஸ்_லாஜிக் | ஞாயிறு, மாலை 5.35

அப்படியானால் கணக்கைப் பாருங்கள். சாதாரண 74123இல் துடிப்பின் நீளம் ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெருக்கி 0.28ஆல் பெருக்கினால் வருவது, கூடவே ஒரு சிறு திருத்தம். உங்கள் மதிப்புகளுக்குச் சுமார் 134 மில்லிவினாடி. எல்எஸ்123இல் அந்தப் பெருக்கெண் வேறு. தயாரித்த நிறுவனத்தைப் பொறுத்து 0.37 என்றும் போடுவார்கள், 0.45 என்றும் போடுவார்கள். 0.45 என்றால் 211 மில்லிவினாடி.

74123 மறுபடி தூண்டக்கூடிய வகை. முதல் துடிப்பு முடிவதற்குள் அடுத்த தட்டின் துடிப்பு வந்தால் புதிதாக ஒன்றைத் தராது, இருப்பதையே நீட்டிவிடும். இரண்டு தட்டு கடந்தது 7493க்கு ஒன்றாகத் தெரியும். உங்கள் சக்கரம் ஒரு தட்டைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஸ்கோப்பில் பாருங்கள்.

பெடோக்_இசைத்தட்டு | ஞாயிறு, இரவு 7.20

சக்கரம் ஒரே சீராகச் சுற்றவில்லை. ஒரு தட்டுக்கு 195 முதல் 220 மில்லிவினாடி வரை மாறுகிறது. எல்எஸ்123இன் துடிப்பு 205.

நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது அக்கா. கைவசம் இருந்ததே என்று போட்ட சிப் இது. பழைய 74123ஐ அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன், இப்போது வருத்தமாக இருக்கிறது. அது நல்ல சிப்பாகத்தான் இருந்திருக்கும்.

பழைய_ஒலிபெருக்கி | ஞாயிறு, இரவு 8.00

கழற்றிய சிப் எதையும் பெட்டி பாடும் வரைக்கும் தூக்கிப் போடாதீர்கள் தம்பி. எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கால்களை அதில் குத்தி வைத்தால் போதும்.

உட்லண்ட்ஸ்_லாஜிக் | ஞாயிறு, இரவு 8.12

கவலை வேண்டாம், எல்எஸ்123ஐயே வைத்துக்கொள்ளலாம். 47க்குப் பதில் 30 கிலோஓம் போடுங்கள், துடிப்பு 131க்கு வந்துவிடும். பழைய 74123க்கு 50 கிலோஓம் வரைதான் அனுமதி, எல்எஸ்ஸுக்கு 5 முதல் 260 வரை, அதனால் 30 இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் நாளை யாராவது அங்கே சாதாரண 74123ஐத் திரும்பப் போட்டால் துடிப்பு 86ஆகக் குறைந்துவிடும். மாற்றியதைப் பெட்டிக்குள் எழுதி வையுங்கள்.

பெடோக்_இசைத்தட்டு | செவ்வாய், இரவு 11.05

30 கிலோஓம் போட்டேன். துடிப்பு 132. நேற்றும் இன்றும் சேர்த்து நூறு பாட்டு வரிசையாகக் கேட்டேன், ஒன்றுகூடத் தவறவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாமாவின் கையெழுத்தில் இருந்த பெயர்ச் சீட்டுகளை அவருக்கு மட்டும்தான் படிக்க முடிகிறது.

மாற்றியது மொத்தம் ஒரு 7493, ஒரு 74123, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், பிளக் பின்கள். முதல் நாள் வாங்க எழுதி வைத்த சிப் பட்டியலில் இருந்த மற்ற எல்லாமே நல்ல சிப்புகள், அங்கேயே இருக்கின்றன. கதவின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்டிவிட்டேன்: எந்த இடத்தில் எல்எஸ், எந்த ரெசிஸ்டர் 30, என்றைக்கு மாற்றியது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. சில தட்டுகள் கொஞ்சம் மெதுவாகப் பாடுவது போலத் தோன்றுகிறது.

பழைய_ஒலிபெருக்கி | புதன், காலை 6.30

அமெரிக்கப் பெட்டி 60 ஹெர்ட்சுக்குச் செய்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், 45 சுழற்சி 37.5 ஆகிவிடும். ஆனால் அவ்வளவு குறைந்தால் எல்லாத் தட்டுமே அழுவது போல இருக்கும். சில தட்டு மட்டும், அதுவும் கொஞ்சம்தான் என்றால் உங்கள் மாமா 50 ஹெர்ட்ஸ் புல்லியை முன்பே மாற்றியிருப்பார். மோட்டார் தண்டின் எண்ணெயையும் ரப்பர் சக்கரத்தையும் பாருங்கள். ரப்பர் பளபளவென்று இறுகியிருந்தால் வழுக்கும்.